வெள்ளை மாத்திரையின் பங்காளிகள்

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன்; இதைப் படிக்கும்போது அவருக்கே தெரிந்துவிடும். "மேடம், ஆஸ்துமா இருக்கிற ஒரு அம்மாவுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கல. அவங்க பையனுக்கும் பொண்ணுக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா? எங்க அனுப்பணும்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பாவம், சங்கடப்பட்டுப் போனார். அவருடைய கேள்வியைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. அதே கேள்வி ஒரு காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் என்ன பாடு படுத்தியது என்பது நினைவுக்கு வந்துதான் சிரித்தேன். அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம், எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பாடத்தை முதலில் முடித்துக்கொள்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினோ, அதைப் போன்ற வேறு வலி மாத்திரையோ உள்ளே போனதும் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கிலும் சதை வளர்ந்திருக்கும், வாசனை தெரியாது. குழந்தையிலிருந்தே வருவதில்லை, வளர்ந்து ஆளான பிறகுதான் தலைகாட்டும். வயலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் இன்னொரு மடையில் பாய்கிற மாதிரி, மாத்திரை உடம்பில் ஒரு வழியை அடைக்க, இன்னொரு வழியில் மூச்சை இறுக்கும் சரக்கு பெருகிவிடுகிறது. எல்லோருக்கும் அடைபடுகிறது, இவர்களுக்கு மட்டும் ஏன் இப்படிப் பாய்கிறது? அதற்குக் காரணமான ஜீன் எது என்று பல நாடுகளிலும் தேடியிருக்கிறார்கள். சில அகப்பட்டன. ஒரு நாட்டு மக்களிடம் பொருந்தியது இன்னொரு நாட்டு மக்களிடம் பொருந்தவில்லை. கட்டில் ஓரத்தில் நின்று "இவருக்கு வரும், அவருக்கு வராது" என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. பட்டால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நானாகத்தான் இருப்பேன்.

பாடம் அவ்வளவுதான். இனிமேல் மனிதர்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நான் பொது மருத்துவராக இருந்தபோது, பழனியம்மாள் என்ற பெண்ணைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். முன்னால் கணவர் ஓட்ட, பின்னால் ஒருவர் அவரைச் சாயாமல் பிடித்திருந்தார். முகம் சிவந்து வீங்கியிருந்தது, மூக்கிலிருந்து தண்ணீராய்க் கொட்டியது, உதடு கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் செய்ததை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டபோதுதான் எனக்கு உயிரே வந்தது.

"என்னம்மா சாப்ட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சாப்புடலீங்க."

"மருந்து எதுனா?"

"மருந்தெல்லாம் எதுவும் இல்லீங்க. பல்லு வலின்னு ஒரு மாத்திர போட்டேன், அவ்வளவுதான்."

நம் ஊர்க்காரர்களுக்கு மருந்து என்றால் டாக்டர் எழுதிக்கொடுப்பது. தலைவலிக்கும் பல்வலிக்கும் கடையில் வாங்கிப் போடுவது மருந்துக் கணக்கிலேயே வராது. இது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அடுத்து அவர் சொன்னது எனக்குப் புதிது.

"அந்த வெள்ள மாத்திர எங்க பொறந்தவூட்டுப் பங்காளிங்களுக்கு ஆகாதுங்க. எங்கப்பா அதப் போட்டுத்தான் செத்தாரு. ஆனா எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சுங்களே?"

என் பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழனியம்மாள் பிறந்தது வத்தல்மலையில். அவருடைய அப்பாவுக்குப் பல வருஷமாக இரைப்பு, அதாவது ஆஸ்துமா. ஒருநாள் காய்ச்சலும் உடம்பு வலியுமாகக் கிடந்தவர், பெட்டிக்கடையில் வாங்கிய வெள்ளை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார். மூச்சுத் திணறியவரை மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் போய்விட்டார். காரியம் முடிந்ததும் பங்காளிகள் கூடி, இனி நம் குடும்பத்துக்கு வெள்ளை மாத்திரை ஆகாது என்று முடிவு செய்தார்கள். சில குடும்பங்களுக்குச் சில காய் ஆகாது, சில மரத்தை வெட்டக் கூடாது என்றெல்லாம் இருக்கிறதல்லவா, அந்த வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது.

பழனியம்மாள் கடத்தூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக் குலசாமியைத்தான் கும்பிட வேண்டும். பங்காளி முறையும் மாறிவிடும். பிறந்த வீட்டில் ஆகாதது இனி அவருக்கு ஆகும். புகுந்த வீட்டில் ஆகாததுதான் இனி ஆகாது. அப்படித்தான் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பது வயதை ஒட்டி அவருக்கும் இரைப்பு வந்தது. மூக்கு அடைத்தே கிடந்தது. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடத் தெரியாமல் மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலையில்தான் பல் வலித்திருக்கிறது, கடையில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இவரும் தைரியமாக விழுங்கியிருக்கிறார். அவர் பக்கத்து நியாயத்தில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டினால் குலசாமி மாறலாம், மூச்சுக்குழாய் மாறாது என்பது மட்டும்தான் அவருக்கு யாரும் சொல்லாத விஷயம்.

வலி மாத்திரை எதுவுமே இனி வேண்டாம் என்று சொல்லித்தான் அவரை அனுப்பினோம். நான் சொன்னேன், இளம் டாக்டரும் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் அவர் காதில் எப்படி விழுந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த இளம் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டிக்காரர், படிப்பில் ஆசை உள்ளவர், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுகிறவர். எனக்கு அவரைப் பிடிக்கும். பழனியம்மாளைப் பார்க்க அவருடைய அண்ணன் மாதையன் மலையிலிருந்து வந்திருந்தபோது, டாக்டர் அவரை உட்காரவைத்து, அப்பாவுக்கு ஒரு கட்டம், மகளுக்கு ஒரு வட்டம் என்று குடும்பப் படமே வரைந்துவிட்டார். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நோய் என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வராது? வரைந்து முடித்து மாதையனிடம், "இது பரம்பரையா வர வாய்ப்பு உண்டு" என்றார்.

புத்தகப்படி அதில் தப்பே இல்லை. ஆனால் நம் பக்கம் பரம்பரை என்றால் என்ன? நிலம் பரம்பரை. கோயில் பூசை பரம்பரை. பிறந்த ஒவ்வொருவனுக்கும் அதில் பங்கு உண்டு, வேண்டாம் என்றாலும் உண்டு. டாக்டர் சொன்ன "வாய்ப்பு" மலையேறுவதற்குள் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பரம்பரை மட்டும்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. அதுவரை பங்காளிகள் போட்ட கட்டுப்பாடாக இருந்ததற்கு இப்போது டாக்டர் முத்திரையும் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். எங்களோடு காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் வேலை பார்த்தார். வாயைத் திறந்தால் கிண்டல்தான். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று யார் வந்தாலும் முதலில், "வூட்ல தாளிச்சா வாசனை தெரியுதா?" என்று கேட்பார். தெரியவில்லை என்றால் அடுத்து இரைப்பு உண்டா என்பார். அதுவும் உண்டு என்றால் நேராக என்னிடம் அனுப்பி, "உங்க ஆளு வந்திருக்காரு, வலி மாத்திரை கிட்ட போக விட்றாதீங்க" என்று சொல்லி அனுப்புவார். இரைப்பு, மூக்குச் சதை, வலி மாத்திரை மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பழக்கிவிட்டது அவர்தான். அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்த நாள் ஒன்று வந்தது.

அது கடத்தூர்ச் சந்தை நாள். மாதையனும் அவர் மனைவி காவேரியும் சந்தைக்கு மூட்டை கொண்டுவந்திருக்கிறார்கள். மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த மாதையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்வை சட்டையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு மினி வேனில் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். யாரோ பழனியம்மாளுக்குப் போன் செய்ய, அவரும் அண்ணன் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார். இசிஜி எடுத்தோம். மாரடைப்பு, சந்தேகத்துக்கே இடமில்லை.

மென்று விழுங்க ஆஸ்பிரின் கொடுக்க வேண்டும், மற்றவற்றைத் தொடங்க வேண்டும், சேலத்துக்கு அனுப்ப வேண்டும். டியூட்டியில் இருந்தது அதே இளம் டாக்டர். மாத்திரையை எடுத்துக்கொண்டு மாதையன் வாயருகே போனார். காவேரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதீங்க! அது வெள்ள மாத்திர! எங்க வூட்டுக்காரருக்கு அது ஆகாதுங்க!"

"அம்மா, இது நெஞ்சுக்கு..."

"நீங்கதான சார் சொன்னீங்க, பரம்பரைன்னு! மறந்துட்டீங்களா? மாமனாரு போய்ட்டாரு, எங்க நாத்தனா செத்துப் பொழச்சா. இவரையும் அனுப்பப் பாக்கறீங்களா?"

இளம் டாக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. கையில் மாத்திரையோடு என்னைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பழனியம்மாள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வேணாங்க டாக்டரம்மா, நான் பட்டது போதுங்க" என்று அழுதார்.

கொடுக்காவிட்டால் இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். கொடுத்து, பழனியம்மாளுக்கு ஆன மாதிரி இவருக்கும் மூச்சு அடைத்துக்கொண்டால், மாரடைப்போடு அதையும் தாங்க எந்த உடம்பாலும் முடியாது. மாற்று மாத்திரை ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அதை மட்டும் கொடுத்தால் அரை வைத்தியம். அதோடு கேஸ் ஷீட்டில் "ஆஸ்பிரின் ஒவ்வாமை" என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அந்த ஆள் ஆயுசுக்கும் அதிலிருந்து தப்ப முடியாது. அடுத்து பார்க்கிற டாக்டர் அதை நம்புவார், அதற்கடுத்தவரும் நம்புவார். எழுதுவது சுலபம், அழிப்பது பெரும்பாடு.

காவேரியின் தோளில் கை வைத்தேன்.

"காவேரி, இங்க பாரு. ஆகாதுங்கிறியா, ஒத்துக்கலைங்கிறியா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"இல்லம்மா. ஆகாதுன்னு பங்காளிங்க சொல்லலாம், ஊரு சொல்லலாம். ஒத்துக்கலன்னு ஒடம்புதான் சொல்லணும். இவரு ஒடம்பு என்னைக்காவது அப்டிச் சொல்லுச்சா?"

"இவரு அதத் தொட்டதே இல்லீங்களே. தொடாம எப்டிங்க ஒடம்பு சொல்லும்?"

நியாயமான பதில். வேறு வழியில் போனேன். "இவருக்கு இரைப்பு உண்டா? மூச்சு வாங்குமா?"

"அதெல்லாம் இல்லீங்க. மூட்டையோட மலையேறி எறங்கற ஆளு."

"மூக்கு அடைக்குமா? வாசனை தெரியுமா?"

"வாசனையா? பக்கத்தூட்ல கருவாடு வறுத்தா மொதல்ல இவருக்குத்தான் தெரியும். தட்டத் தூக்கிட்டு உக்காந்துக்குவாரு."

அத்தனை வலியிலும் மாதையன் கண்ணைத் திறந்து மனைவியை ஒரு முறை முறைத்தார். என் மனத்தில் பாதி பாரம் இறங்கியது. எங்கள் மூக்கு டாக்டர் கேட்கும் கேள்விகளில் இவர் தேறிவிட்டார். ஆனால் பாதிதான். தங்கைக்கு வந்த மாதிரி இவருக்கும் உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால்?

"வலிக்குன்னு எந்த மாத்திரையுமே போட்டதில்லையா?"

"வெள்ள மாத்திர ஒண்ணுகூட வூட்டுக்குள்ள வந்ததில்லீங்க."

அங்கே நான் நின்றேன். நான் வலி மாத்திரை என்றேன். அவர் வெள்ளை மாத்திரை என்றார். முதலிலிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருப்பது வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பழனியம்மாளும் அன்று வெள்ளை என்றுதான் சொன்னார். பங்காளிகள் தடை போட்டது எதற்கு? செத்தவர் சாப்பிட்ட மாத்திரையின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நிறம்தான் தெரியும்.

"வெள்ளை இல்லாம, வேற கலர்ல?" என்று கேட்டேன்.

"செவப்பு போடுவாருங்க." காவேரி தயங்காமல் சொன்னார். "மூட்ட தூக்குன அன்னைக்கெல்லாம் இடுப்பு வலிக்கு அதான் போடுவாரு. அது வெள்ள இல்லீங்களே? அது ஒண்ணும் பண்ணாது. இப்பக்கூட ஜோப்புலயே இருக்கும் பாருங்க."

மாதையனின் சட்டைப்பையில் கைவிட்டேன். ஒரு மாத்திரை அட்டை வந்தது. சில குழிகள் காலி, சிலவற்றில் இளஞ்சிவப்பு மாத்திரைகள். வெளிச்சத்தில் திருப்பிப் படித்தேன். இபுபுரூஃபன். வேறு எந்த மருந்தும் கலக்காத வெறும் இபுபுரூஃபன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆஸ்பிரின் அடைக்கிற அதே மடையைத்தான் இதுவும் அடைக்கிறது. ஆஸ்பிரினுக்கு மூச்சு இறுகுகிறவருக்கு இதற்கும் இறுகும். சந்தைதோறும் இதைப் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிற மனிதருக்கு ஆஸ்பிரின் மட்டும் பகையாவது ரொம்பவும் அபூர்வம்.

"இதப் போட்டா மூச்சு வாங்குமா? மூக்குல தண்ணி வருமா?"

"குறட்ட விட்டுத் தூங்குவாருங்க. வேற ஒண்ணும் இல்ல."

"காவேரி, நல்லா கேட்டுக்க. இந்த செவப்பு மாத்திரையும் அந்த வெள்ள மாத்திரையும் பங்காளிங்க."

"செவப்பும் வெள்ளையும் எப்டிங்க பங்காளியாவும்?"

"உங்க பங்காளிங்க எல்லாரும் ஒரே கலர்லயா சட்ட போடறாங்க? செவப்புங்கறது மேல பூசுன சாயம். உள்ள ரெண்டும் ஒரே குடும்பம், ரெண்டும் பண்றது ஒரே வேல. இவரு ஒடம்புக்குள்ள பங்காளி எத்தன தடவ வந்து போயிருக்கான்? ஒரு தடவையாவது சண்ட வந்துச்சா?"

காவேரி கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை மட்டும் டாக்டரின் மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆனால் கடைசியில் முடிவு செய்தது அவரில்லை. மாதையன்தான் கண்ணைத் திறக்காமலே, "டாக்டரம்மா சொல்லுதுல்ல. குடுங்க சார்" என்று வாயைத் திறந்தார்.

அவர் அப்பா அதைச் சாப்பிட்டுத்தான் செத்தார் என்று வளர்ந்தவர் அவர். தங்கை மூச்சுக்குத் தவித்த கதையைத் தங்கை வாயாலேயே கேட்டவர். அந்த மாத்திரையை அவர் மென்றார். அந்த வீட்டுக்காரர்களிடம் நாம் எவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கேட்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மூச்சுக்கு வேண்டிய மருந்தையெல்லாம் தயாராக எடுத்துவைத்திருந்தோம். மற்ற சிகிச்சை நடந்துகொண்டே இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை அவர் முதுகில் வைத்தபடி நான் கட்டில் ஓரத்திலேயே நின்றேன். பழனியம்மாள் அண்ணனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நிறம் மாறுகிறதா என்று. காவேரி தன் புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு சுத்தமாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு விசில் சத்தம்கூட இல்லை. அதைக் கேட்டபடியே நின்றிருந்தபோது எனக்குள் ஓடியது இதுதான்: ஒரே அப்பா, ஒரே அம்மா. மகளுக்கு வந்தது, மகனுக்கு வரவில்லை. அந்த வீட்டில் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இருந்தாலும் அது நிலத்தைப் பிரிப்பது போல எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. மாதையனை ஏற்றினோம், காவேரி கூடவே ஏறிக்கொண்டார். கதவை மூடுவதற்கு முன், "வூட்டுக்கு வந்துருவாருங்களா?" என்று கேட்டார். "வருவாரு" என்றேன். வந்தார். சேலத்தில் அடைப்பை எடுத்தார்கள், அப்புறம் ரொம்ப நாள் ஆஸ்பிரின் சாப்பிட்டார். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "வெள்ளப் பங்காளி ஒழுங்கா இருக்கான்" என்பார்.

அந்த இளம் டாக்டர் அன்று சாயங்காலம் என்னிடம், "நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது மேடம்" என்றார். சொன்னது தப்பில்லை, அது போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று கூடப்போய்ப் பார்க்காததுதான் பிசகு என்றேன். இப்போது அவர் உங்களில் சிலருக்கே சீனியர். குடும்பப் படம் இன்னும் வரைகிறார். வரைந்து முடித்ததும், "இப்ப நான் சொன்னத நீங்க வூட்ல போய் எப்டிச் சொல்லுவீங்க, எனக்கு ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க" என்று கேட்கிறார். அதைக் கேள்விப்பட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

போனில் கேட்டவருக்கு என் பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் சொல்ல வேண்டியது வேறு. அந்த அம்மாவின் பையனுக்கும் பெண்ணுக்கும் ரத்தம் எடுக்க வேண்டாம். உட்காரவைத்துக் கேளுங்கள். மூச்சு வாங்குகிறதா? மூக்கு அடைக்கிறதா? தாளிக்கிற வாசனை தெரிகிறதா? இதுவரை எந்தெந்த வலி மாத்திரை போட்டிருக்கிறார்கள், போட்டபோது என்ன ஆனது? எல்லாம் சரி என்றால் அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று இல்லை, இரைப்போ மூக்கடைப்போ தொடங்கினால் மட்டும் வந்து சொல்லுங்கள் என்று அனுப்புங்கள். அவர்கள் தலையில் ஒரு தடையை ஏற்றி அனுப்பாதீர்கள். நாளைக்கு நெஞ்சு வலித்தால் அந்தத் தடை குறுக்கே வந்து நிற்கும். ஜீனைத் தேடுகிறவர்கள் தேடட்டும். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை நமக்கு இருப்பது காதுதான். மாத்திரையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் மறக்காமல் நிறத்தைக் கேளுங்கள்.

இனி அந்தக் கடைசி விஷயம். ஆம்புலன்ஸ் போன பிறகு நான் உள்ளே திரும்பினேன். பழனியம்மாள் போகாமல் அதே சுவரோரம் நின்றிருந்தார். கணவர் பைக்கில் வந்து சேலத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாராம். அழுகை நின்றிருந்தது. ஆனால் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அண்ணன் பொழச்சிக்குவாரும்மா. ஏன் இப்டி நிக்கற?"

"டாக்டரம்மா, செவப்பும் வெள்ளையும் பங்காளின்னீங்களே."

"ஆமா."

"அப்ப செவப்பும் எனக்கு ஆகாதுங்களா?"

"ஆகவே ஆகாது. உனக்கு ஒத்துக்காதும்மா. வெள்ளை, செவப்பு, மஞ்சள், எந்த வலி மாத்திரையும் கூடாதுன்னுதான அன்னைக்கே சொன்னோம்?"

"வெள்ள மாத்திரையத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேங்க."

அவர் இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்துத் திறந்தார். பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். மாதையன் சட்டைப்பையில் இருந்த அதே அட்டை. அதே இளஞ்சிவப்பு.

"போன தடவ அண்ணன் வந்தப்ப குடுத்துட்டுப் போச்சுங்க. வெள்ள வேணாம், இத வெச்சிக்க, இது ஒண்ணும் பண்ணாதுன்னு."

"போட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. இன்னைக்கிக் காத்தால மறுபடியும் பல்லு வலிச்சுது. போடலாம்னு எடுத்தேன். தண்ணி மொள்ளப் போனேன், அதுக்குள்ள அண்ணனுக்கு நெஞ்சு வலின்னு போன் வந்துச்சு. அப்படியே ஓடியாந்துட்டேன்."

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு குழியின் மேல் மட்டும் தகடு கிழிந்திருந்தது. மாத்திரை இன்னும் உள்ளேயே இருந்தது.